கால்களோடு முடிவதோ கணக்கு?

வகுப்பறையிலே ஆசிரியர் ஒரு வினாவை எழுப்புகிறார்; விடை தெரிந்தவர்கள் கையை உயர்த்துகின்றனர். அன்றாடம் பன்முறை நிகழும் இச்சிறு செயலைப் பற்றி நாம் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. தோளை உயர்த்தும் தசைகளும், முழங்கையை நீட்டும் தசைகளும் ஒருங்கே இயங்கினாலன்றி, தனக்கு விடை தெரியும் என்பதை ஒரு பிள்ளை சபையிலே அறிவித்தல் இயலாது. இவ்வுண்மையை எமக்குக் கற்பித்தது பல்கலைக்கழகமன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது வகுப்பிலிருந்த ஒரு மாணவனே கற்பித்தான்.

அவன் அப்போது தரம் எட்டிற் படித்துக்கொண்டிருந்தான். முன்வாங்கிலே சுவரோரமாக அமர்ந்திருப்பான். இலக்கண வினா ஒன்றுக்கு எவருமே கையுயர்த்தாத ஒரு நாளில், "ஒருவருக்குமே தெரியாதா?" என்று சற்றுச் சினத்தோடு கேட்டோம். "சேர், எனக்கு விடை தெரியும், கைதான் எழும்புதில்லை" என்றான் அவன். வகுப்பிலே சிலர் சிரித்தனர். நாமும் அதனைச் சோம்பலுக்கு ஒரு சாட்டென்றே கொண்டோம். அவனுடைய கால்கள் தளர்ந்திருந்தமை எமக்குத் தெரியும். குதிக்கால் நிலத்திற் படாமல் விரல்களை ஊன்றி அவன் நடந்ததையும், தமையன் அவனைத் தாங்கி வகுப்பு வாசல் வரை கொணர்ந்து விட்டுச் சென்றதையும் நாடோறும் கண்டோம். கால்களைப் பற்றிய நோய் கைகளையும் பற்றத் தொடங்கிவிட்டது என்பதை எமக்கு எவரும் கூறவில்லை. நாம் எவரையும் கேட்கவுமில்லை.

அடுத்த ஆண்டில் அவ்வகுப்பு மேல்மாடிக்கு மாறிற்று. கீழே ஓர் அறை தருமாறு கேட்டபோது, இடமில்லை என்ற விடையே கிடைத்தது. அவன் வரவும் நின்றது. இடாப்பிலே சில வாரங்கள் வரவின்மையைக் குறித்துக்கொண்டு வந்தோம். பின்னர் பெயரை வெட்டினோம். வெட்டியது எமது பேனை. இவ்விடயத்தைப் பற்றி எழுதும் உரிமை எமக்கு உண்டெனின், அக்குற்றத்திற் பங்குகொண்டவர் என்ற முறையிலேயே அது உண்டு.

பிற்காலத்தில் அந்நோயைப் பற்றி அறிய முற்பட்டோம். அப்பொழுது எம்மைத் திடுக்கிடச் செய்த உண்மை ஒன்று உண்டு. ஓர் ஏழைப் பாடசாலையின் மாடிப்படியில் நிகழ்ந்த அநீதி, செல்வ நாடுகளின் ஆராய்ச்சிக் கூடங்களிலும் நெடுங்காலமாக நிகழ்ந்து வந்திருக்கிறது. அங்கும் ஓர் இடாப்பு உண்டு. பிள்ளை நடக்கும் வரையில் அவன் பெயர் அதிலே இருக்கும். நடை நின்றதும் பெயர் வெட்டப்படும். அவனுடைய கைகள் அதன் பின்னரும் பல ஆண்டுகள் உழைக்கின்றன. ஆயின் அவ்வுழைப்பையும் அதன் தேய்வையும் கணக்கெடுப்பார் இல்லை. கணக்கெடுக்கப்படாத துன்பத்துக்கு மருந்து தேடுவாருமில்லை. இவ்வழக்கத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

*

நோயின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். தசைத்தேய்வு நோய்கள் பலவகைப்படும். அவற்றுள், பிள்ளைப் பருவத்திலே தோன்றுவனவற்றில் மிகப் பரவலானதும் மிகக் கொடியதும் டுஷேன் தசைத்தேய்வு எனப்படுவதாகும். பிரான்ஸ் தேசத்துக் கடலோர நகரான பூலோனிலே கடலோடிகளின் குடும்பத்திற் பிறந்த கியோம் டுஷேன் என்னும் வைத்தியரின் பெயரால் அது வழங்குகிறது. பாரிஸ் மாநகரிலே நிலையான உத்தியோகம் எதுவுமின்றி, தாமே அமைத்த மின்கருவியைச் சுமந்துகொண்டு வைத்தியசாலைகள்தோறும் அலைந்து நோயாளரை ஆராய்ந்தவர் அவர். 1868ஆம் ஆண்டில் 13 பிள்ளைகளின் நிலையை விரிவாக எழுதி வெளியிட்டார். அவருக்கு முன்னரே, லண்டனில் எட்வேட் மெரியன் என்பவர் ஒரே குடும்பத்துச் சகோதரர்கள் இந்நோயால் வாடியதைக் கண்டு 1852இல் எழுதியிருந்தார்.

1879இல் வில்லியம் கவர்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் இந்நோய்க்குரிய ஓர் அடையாளத்தை விளக்கினார். தரையிலே இருக்கும் பிள்ளை எழும்போது, முதலில் கைகளை நிலத்தில் ஊன்றுகிறான். பின் முழங்காலைப் பற்றுகிறான். பின் தொடையைப் பற்றுகிறான். இவ்வாறு தன் உடம்பின்மீது தானே ஏறி நிமிர்கிறான். இன்றும் உலகெங்கும் வைத்திய மாணவர் இவ்வடையாளத்தைக் கற்கின்றனர். ஆனால் இதனைக் கால்களின் பலவீனத்துக்குச் சான்றாக மட்டுமே கற்கின்றனர். அப்பிள்ளையை எழுப்பி நிறுத்தியவை எவை? அவனுடைய கைகளல்லவா? நோயின் தொடக்க நாளிலிருந்தே கைகள் கால்களின் சுமையைத் தாங்கி வருகின்றன. சுமந்தவரைப் பாராது சுமையை மட்டும் பார்க்கும் பழக்கம் நோயியலுக்கு மட்டும் உரியதன்று என்பதை முற்போக்கு வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நோயின் மூலம் 1986, 1987ஆம் ஆண்டுகளிலே ஐக்கிய அமெரிக்காவில் லூயிஸ் குங்கெலும் அவர்தம் கூட்டாளிகளும் நடத்திய ஆய்வினால் வெளிப்பட்டது. எக்ஸ் நிறமூர்த்தத்திலே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துக்களைக் கொண்ட மிகப் பெரிய பரம்பரையலகு ஒன்று உண்டு. டிஸ்ட்ரொபின் என்னும் புரதத்தை ஆக்குமாறு பணிப்பது அதுவே. தசைநாரின் உட்கூட்டை அதன் மேலுறையோடு பிணைத்து நிற்பது அப்புரதம். அஃதில்லாதபோது, தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் அதன் உறை கிழிகிறது. கிழிந்த நார் மடிகிறது. மடிந்த இடத்தைக் கொழுப்பும் நாரிழையமும் நிரப்புகின்றன. கெண்டைக்கால் பருத்திருப்பதைக் கண்டு, பிள்ளை பலசாலி என்று மகிழும் பெற்றோர் உளர். அப்பருமன் தசையின் இடத்தைக் கொழுப்பு கவர்ந்ததன் அடையாளம் என்பதை அவர்கள் அறியார். ஏறக்குறைய 3,500 முதல் 5,000 வரையான ஆண் குழந்தைகளுள் ஒருவருக்கு இந்நோய் உண்டு. அதற்கு நாடில்லை, இனமில்லை, சாதியில்லை.

ஈண்டு, எமது சமூகத்திலே நிலவும் ஒரு மூடத்தனத்தைக் கண்டியாமல் மேற்செல்வது முறையன்று. இத்தகைய பிள்ளை பிறந்த வீட்டிலே, முற்பிறப்பின் வினை என்று கூறுவாரும், தாயின் ஊழ் என்று கூறுவாரும் இன்றும் குறைந்தாரில்லை. மகனுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் தாயிடமிருந்து வருவது உண்மையே. ஆனால் அவள் தனக்கே தெரியாத ஒன்றைச் சுமந்திருக்கிறாள். அதுவும் எல்லாத் தாயரும் சுமப்பதில்லை. ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பிள்ளைகளிலே இப்பிழை பரம்பரையாக வந்ததன்று. அப்பிள்ளையிடத்தே புதிதாகத் தோன்றியதாகும். விஞ்ஞானம் இவ்வளவு தெளிவாகப் பேசும்போது, ஊழைக் காட்டி ஒரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது கொடுமையன்றி வேறென்ன? ஊழின்மீது பழிபோடுவதால் யாருக்கு இலாபம் என்பதையும் சிந்தித்தல் வேண்டும். விதி என்று சொல்லிவிட்டால், சாய்தளம் கட்டாத பாடசாலையும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. மருந்து விலையை உயர்த்தும் கம்பனியும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

*

இனி இடாப்பின் கதைக்கு வருவோம்.

ஒரு மருந்து பயன் தருகிறதா என்பதை அறிய ஓர் அளவுகோல் வேண்டும். டுஷேன் நோய்க்கு 2010ஆம் ஆண்டையொட்டி நிலைபெற்ற அளவுகோல், ஆறு நிமிட நடைச் சோதனையாகும். இருதய நோயாளருக்கும் சுவாச நோயாளருக்குமென உருவான அச்சோதனையைப் பிள்ளைகளுக்கேற்ப மாற்றினர். 25 மீற்றர் நீளமான நடைபாதையின் இரு முனைகளிலும் அடையாளம் வைப்பர். பிள்ளை ஆறு நிமிடங்கள் வரை திரும்பத் திரும்ப நடப்பான். அவன் விழுந்தால் தூக்கிவிட ஒருவர் பின்னாலே செல்வார். நடந்த தூரம் மீற்றரிற் குறிக்கப்படும். எளிய சோதனை; தெளிவான இலக்கம். அதன் பயனை நாம் மறுக்கவில்லை.

ஆயின் இவ்வளவுகோல் ஆட்சிக்கு வந்ததும் நிகழ்ந்தது யாது? நடக்கக் கூடியவனே பரிசோதனைக்குரியவன் என்றாயிற்று. பெரிய மருந்துப் பரிசோதனைகள் பலவும், குறித்த தூரத்தை நடக்க முடிந்த பிள்ளைகளையே சேர்த்துக்கொண்டன. எற்றெப்லிர்சென் என்னும் மருந்து 2016ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, அதற்கு ஆதாரமாக நின்ற பரிசோதனையிற் பங்குகொண்டவர்கள் 12 சிறுவர்களே. அவர்களுள் இருவர் பரிசோதனை தொடங்கிச் சிறிது காலத்தில் நடையை இழந்தனர். நடைக் கணக்கிலிருந்து அவ்விருவரும் விலக்கப்பட்டனர். மருந்து அவர்களுடைய கால்களுக்கு உதவவில்லை. கைகளுக்காவது உதவியதா என்பதற்கு அந்த நடைக் கணக்கில் விடையில்லை.

அற்றலுரென் என்னும் மருந்தின் கதை இன்னும் வெளிப்படையானது. 2014இல் ஐரோப்பா அதற்கு நிபந்தனையோடு கூடிய அனுமதி வழங்கியபோது, நடக்கும் பிள்ளைகளுக்கு மட்டுமே வழங்கியது. இங்கிலாந்திலே 2016இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, பிள்ளை நடையை முற்றாக இழந்தால் ஆறு மாதங்களுக்குள் மருந்து நிறுத்தப்படல் வேண்டியிருந்தது. அம்மருந்தின் பயன் உறுதிப்படவில்லை என்று கூறி, 2025ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆணையம் அவ்வனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. ஆதலின் அம்மருந்துக்காக நாம் வாதாட வரவில்லை. அந்த விதியின் உள்ளத்தையே சுட்டுகிறோம். நடை நின்றது, ஆகவே காப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்பதே அவ்விதியின் பொருள். சக்கர நாற்காலியில் அமர்ந்த பிள்ளையைப் பார்த்து, "உன்னிடம் இழப்பதற்கு இனி ஒன்றுமில்லை" என்று ஒரு சட்டம் கூறலாமோ?

இழப்பதற்கு ஒன்றுமில்லையா? கணக்கையே பார்ப்போம். மருந்தில்லாத நாட்களில் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுக்குள் நடை நின்றது. ஸ்டீரொயிட் மருந்துகள் அதனை இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளிப்போடுகின்றன. சுவாசத்துக்கு இயந்திர உதவியும் இருதயத்துக்குத் தக்க சிகிச்சையும் கிடைக்குமிடங்களில் இன்று இந்நோயாளர் பலர் இருபதுகளின் இறுதி வரையும், முப்பதுகளிலும் வாழ்கின்றனர். அதாவது, நடந்த ஆண்டுகளிலும் அமர்ந்த ஆண்டுகளே அவர்களுக்கு அதிகம். அவ்வாண்டுகளிலே உண்பது கையால், எழுதுவது கையால், சக்கர நாற்காலியைச் செலுத்துவது கையால், நண்பனுக்குச் செய்தி அனுப்புவதும், மூக்கின் மேலமர்ந்த ஈயைத் துரத்துவதும் கையால். வாழ்வின் பெரும் பகுதியைத் தாங்கும் உறுப்பை அளக்காமல், சிறு பகுதியைத் தாங்கிய உறுப்பை மட்டும் அளந்தவர்கள், தாம் அளந்ததையே நோய் என்று பெயரிட்டுவிட்டனர்.

*

கையை அளத்தல் இயலாத காரியமா? அன்று. 1981ஆம் ஆண்டிலேயே மைக்கல் புறூக்கும் அவர்தம் கூட்டாளிகளும் கைக்கென ஓர் அளவுகோலை வகுத்தனர். அதில் ஆறு படிகள் உண்டு. இரு கைகளையும் பக்கவாட்டில் வட்டமாக உயர்த்தித் தலைக்குமேல் தொடச் செய்பவன் முதற்படியில் உள்ளான். முழங்கையை மடித்தோ வேறு தசைகளைத் துணைகொண்டோ மட்டும் உயர்த்துபவன் இரண்டாம் படி. தலைக்குமேல் உயர்த்த இயலாது; ஆயின் ஒரு குவளை நீரை வாய்க்குக் கொண்டுசெல்வான்; அவன் மூன்றாம் படி. வெறுங்கை வாய்க்குச் செல்லும், குவளை செல்லாது; அது நான்காம் படி. கை வாய்க்குச் செல்லாது, ஆயினும் பேனையைப் பிடிக்கவும் மேசையிலிருந்து நாணயத்தைப் பொறுக்கவும் இயலும்; அது ஐந்தாம் படி. கையினாற் பயன் யாதுமில்லை என்பது ஆறாம் படி.

இப்படிகளை முதன்முதல் வாசித்தபோது, எமது முன்வாங்கு மாணவன் எம் கண்முன் வந்து நின்றான். கையுயர்த்தி விடை கூறுதல், நீரருந்துதல், பேனை பிடித்தல் - ஒரு பாடசாலை நாள் முழுவதும் இவ்வாறு படிகளிலே அடங்கிவிட்டது. அவன் "கைதான் எழும்புதில்லை" என்றபோது, ஒரு நோய் எந்தப் படியில் நிற்கிறது என்பதைத் துல்லியமாக அறிவித்தான். ஓர் ஆய்வாளனுக்குரிய செய்தியை அவன் தந்தான். நாம் அதற்குச் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தோம்.

ஆறு படிகள் போதா என்பதும் உண்மையே. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கப் பல ஆண்டுகள் ஆகலாம். இடையிலே நிகழும் தேய்வை அவ்வளவுகோல் காணாது. இக்குறையை நிறைக்க இயன்மருத்துவரும் வைத்தியருமாகப் பல நாட்டினர் கூடி, நோயாளர் குடும்பங்களின் கருத்தையும் கேட்டு, மேலுறுப்புச் செயற்றிறன் அளவுகோல் ஒன்றை உருவாக்கி 2013இல் வெளியிட்டனர். ஆன் மேஹியூ, எலேனா மாட்சோனே, யூஜெனியோ மெர்க்கூரி முதலியோர் அம்முயற்சியில் முன்னின்றனர். பின்னர் திருத்தப்பட்ட அதன் இரண்டாம் வடிவத்திலே தோளுக்கு 12, முழங்கைக்கு 17, மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் 13 என மொத்தம் 42 புள்ளிகள். அதில் வினவப்படுவன யாவை? சிறு எடையை உயர்த்துதல், பாத்திரத்தின் மூடியைத் திறத்தல், தாளைக் கிழித்தல், நாணயங்களைப் பொறுக்குதல், பென்சிலாற் பாதையொன்றை வரைதல். மிக விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இதற்கு வேண்டுவதில்லை. ஒரு மேசையும், சில சிறு பொருட்களும், பயிற்சி பெற்ற ஒருவரும் போதும்.

இவ்வளவுகோலின் தோற்றம் ஓர் உண்மையை நிலைநாட்டுகிறது. கையின் தேய்வுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தோள் முதலில் தளர்கிறது, முழங்கை பின்னர், விரல்கள் இறுதிவரை போராடுகின்றன. இடையிலே பிள்ளை சும்மா இருப்பதில்லை. முழங்கையை மேசையில் ஊன்றி நெம்புகோலாக்குகிறான்; உடலைச் சரித்துக் கையை வீசுகிறான்; விரல்களை மேசைமீது நடக்கவிட்டுப் புத்தகத்தை எட்டுகிறான்; கை வாய்க்கு வராதபோது வாயைக் கைக்குக் கொண்டுசெல்கிறான். இவையெல்லாம் ஒரு தொழிலாளியின் நுட்பங்கள். காந்தப் பரிவுப் படங்களோ, கையின் தசையைக் கொழுப்பு எவ்வளவு கவர்ந்துவிட்டது என்பதை நூற்றுவீதமாகவே காட்டவல்லன. உள்ளே தேய்வதைப் படமும், வெளியே போராடுவதைப் புள்ளியும் காட்டும்போது, அளக்க முடியாது என்ற பேச்சுக்கு இடமேது?

மருந்து வரும்வரை இக்கணக்கினாற் பயனென்ன என்று கேட்பாரும் உளர். பயன் நிரம்ப உண்டு. குவளை உயராத நாளை முன்னறிந்தால் உறிஞ்சு குழாயையும் உயரமான மேசையையும் முன்னரே தரலாம். விரல்கள் மடங்கி இறுகுமுன் அணைதகட்டையும் நீட்டற் பயிற்சியையும் தொடங்கலாம். எழுதும் கை களைக்குமுன் பரீட்சையிலே மேலதிக நேரத்தையும், எழுதி உதவுவார் ஒருவரையும் கேட்கலாம். மின்சக்கர நாற்காலியின் நெம்புகோலை அசைக்க விரலொன்றின் சிறு அசைவு போதும்; அவ்வசைவு எப்போது குன்றும் என்பதை அறிந்தவனே மாற்று வழியை ஆயத்தம் செய்வான். கையளவின் தளர்ச்சியும் மூச்சின் தளர்ச்சியும் தொடர்புடையன என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே கையைக் கவனிப்பவன் மூச்சையும் காலத்தே கவனிப்பான்.

*

எமது எதிர்வாதிகளின் கூற்றையும் நேர்மையோடு எடுத்துரைத்தல் வேண்டும். "நடை விரைவில் மாறுவது, ஓராண்டுக்குள் மருந்தின் பயனை அதிற் காணலாம். கை மெல்ல மாறுவது. பரிசோதனை நீளும், செலவு பெருகும். ஒரே தன்மையான நோயாளரைச் சேர்த்தாலன்றி விடை தெளியாது" என்பர். இதில் ஓரளவு உண்மை உண்டு. சோதனைக்குரியவரைத் தெரிவு செய்வதே அநீதி என்று நாம் கூறவில்லை. ஆயின், கைக்கென ஓர் அளவுகோலைச் செம்மையாக்க 1981இலிருந்து 2013 வரை முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றமைக்கு விஞ்ஞானம் காரணமாகுமோ? உருவாக்க முற்பட்டபோது அது உருவாயிற்றன்றோ? இருதயக் கலங்களிலிருந்து பெற்ற ஒரு சிகிச்சையை ஆராய்ந்தவர்கள், பெரும்பாலும் நடையிழந்த சிறுவரையும் இளைஞரையும் சேர்த்து, கையின் செயற்றிறனையே முதல் வினாவாக வைத்து ஒரு பரிசோதனையை நடத்தினர்; அதன் பெறுபேறு 2022இல் லான்செற் சஞ்சிகையில் வெளிவந்தது. 20 பேரைக் கொண்ட சிறு பரிசோதனையே அது. எனினும் வினவக் கூடாது என்றிருந்த வினாவை வினவலாம் என்பதை அது காட்டிவிட்டது. குறைபட்டது அறிவன்று, விருப்பமே. செலவு பெருகும் என்ற வாதம் எவருடைய கணக்கேட்டிலிருந்து எழுகிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அக்கணக்கேட்டைச் சற்றே புரட்டுவோம். டெஃப்லசகோட் என்னும் ஸ்டீரொயிட் புதிய மருந்தன்று. பிற நாடுகளில் நெடுங்காலம் மலிவாக விற்கப்பட்டது. 2017இல் ஐக்கிய அமெரிக்காவில் அதற்கு அனுமதி பெற்ற கம்பனி, ஆண்டுக்கு 89,000 டொலர் என்று விலை கூறிற்று. பெற்றோரும் மக்கள் பிரதிநிதிகளும் கொதித்தெழவே, விற்பனையை நிறுத்திவைத்து, பின்னர் மருந்தின் உரிமையையே வேறொரு கம்பனிக்கு விற்றுவிட்டது. 2023இல் அங்கு அனுமதி பெற்ற எலெவிடிஸ் என்னும் பரம்பரையலகுச் சிகிச்சையின் விலை 32 இலட்சம் டொலர். நான்கு, ஐந்து வயதுடைய நடக்கும் பிள்ளைகளுக்கென முதலில் அனுமதிக்கப்பட்ட அம்மருந்து, அதன் பெரிய பரிசோதனை தன் முதன்மை இலக்கை எட்டாதிருந்தும், 2024இல் நடையிழந்தவர்க்கும் விரிக்கப்பட்டது. 2025இல் அதனைப் பெற்ற நடையிழந்த இளம்பிள்ளைகள் இருவர் ஈரல் செயலிழந்து மாண்டனர். அவ்வாண்டு நவம்பரில் அனுமதி மீண்டும் நடக்கும் நோயாளருக்கு மட்டுமெனச் சுருக்கப்பட்டது.

இதனைக் காட்டி, "பார்த்தீர்களா, நடையிழந்தவரைச் சேர்க்கக் கூடாதென்று நாம் சொன்னது சரியாயிற்று" என்று எவரும் வாதாடுவாராயின், அது வாதத்தைத் தலைகீழாக்குவதாகும். அப்பிள்ளைகளின் உடலை, கையை, ஈரலைப் போதிய அளவு ஆராயாமலே சந்தையை மட்டும் விரித்தமையன்றோ அங்கே நிகழ்ந்தது? ஆராய்ச்சியின் இடாப்பிலே பெயரில்லாதவன், விற்பனையின் இடாப்பிலே மட்டும் ஒரு நாள் பெயர் பெற்றான். நாம் கேட்பது மருந்தை வாரி வழங்குவதன்று. அவனையும் ஒரு மனிதனாகக் கொண்டு முறையாக அளந்து, முறையாக ஆராய்ந்து, பின் வழங்குவது.

இன்னொரு சாராரும் உளர். அளவும் ஆராய்ச்சியும் எதற்கு, அன்பும் இரக்கமும் போதுமே என்பவர்கள். ஐக்கிய அமெரிக்காவிலே நகைச்சுவை நடிகர் ஜெரி லூயிஸ், 1966 முதல் 2010 வரை, அந்நாட்டுத் தொழிலாளர் தினத்தையொட்டி ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் தோன்றித் தசைநோயாளருக்காக நிதி திரட்டினார். திரண்ட பணம் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் உதவியது. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தசைநோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த சட்டத்தரணி ஈவன் கெம்ப், அந்நிகழ்ச்சி நோயாளரை இரக்கத்துக்குரிய பொருளாக்குகிறது என்று 1981இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். அவர் கேட்டது வேலையும் வீதியும் வாகனமும் உரிமையும். இரக்கம் ஆண்டுக்கு ஒரு நாள் கண்ணீர் விடும். உரிமையோ நாடோறும் வாசலில் சாய்தளமாக நிற்கும். இரக்கப்படுபவனுக்குக் கணக்கு வேண்டியதில்லை. உரிமை தர வேண்டியவனுக்கே கணக்கு வேண்டும்.

அதே வேளையில் அளப்பவர்க்கும் ஓர் எச்சரிக்கை கூற வேண்டியுள்ளது. பிள்ளையைக் களைக்கும்வரை தூக்கச் செய்து, புள்ளியை எழுதிக்கொண்டு, அவனிடம் ஒரு சொல்லும் கூறாது அனுப்பிவிடும் அளவை, எமது இடாப்பைப் போன்றதே. எதனை இழக்க அவன் மிக அஞ்சுகிறான் என்பதை அவனே கூறல் வேண்டும். ஒருவனுக்குக் கரண்டி பெரிது. இன்னொருவனுக்குத் தூரிகை பெரிது. வேறொருவனுக்குத் தன் கண்ணீரைத் தானே துடைத்தல் பெரிது. அவர்களை வினவி விடை பெறும் வினாக்கொத்துகளும் இன்று உள. அளவுகோலை உடையவன் ஒருவன், அளக்கப்படுபவன் மற்றொருவன் என்ற பிரிவினை ஒழியும்போதே அளவை அறிவாகும்.

*

ஆசிரியர்களாகிய நாம் இதில் என் செய்யக் கூடும்? மருந்தை நாம் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆயின் ஆண்டுக்கு ஒரிரு தடவை பிள்ளையைக் காணும் வைத்தியரைக் காட்டிலும், நாடோறும் அவனைக் காணும் பேறு எமக்கே உண்டு. கொப்பியிலே எழுத்து சிறுத்து வருவதை நாம் காண்கிறோம். மூன்று பக்கம் எழுதியவன் ஒரு பக்கத்தோடு நிறுத்துவதைக் காண்கிறோம். தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்க அயலில் இருப்பவனிடம் நீட்டுவதைக் காண்கிறோம். இவற்றைச் சோம்பல் என்று எழுதாமல், திகதியிட்டுக் குறித்துப் பெற்றோரிடம் கொடுப்போமாயின், அவர்கள் அதனை வைத்தியரிடம் கொண்டுசெல்வர். வகுப்பைக் கீழ்மாடியில் வைக்குமாறு ஒருவர் கேட்டால் மறுப்பர். ஆசிரியர் அனைவரும் கூடிக் கேட்டால் மறுத்தல் அரிது. 1945இல் இலவசக் கல்வியைப் பெற்ற நாடு இது. கல்வி இலவசம், படிக்கட்டு மட்டும் விலை என்றால், அவ்விலவசம் யாருக்கு?

இவ்விடயம் இலக்கிய ஏடொன்றுக்குரியதா என்று எவரேனும் ஐயுறலாம். மனிதனின் துன்பத்தை எழுதுவதே இலக்கியம் என்று மேடைதோறும் முழங்குகின்ற நாம், பேனை பிடிக்க இயலாத விரல்களைப் பற்றி எழுத நாணுவோமாயின், எமது பேனைக்கு வேறென்ன வேலை?

அம்மாணவனுடைய வீட்டுக்கு, பெயரை வெட்டிய பல மாதங்களின் பின்னரே சென்றோம். திண்ணையிலே சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தான். மடியிலே ஒரு பலகை, பலகைமீது கொப்பி. இடக்கையால் வலக்கையைத் தூக்கித் தாளின்மீது வைத்து, விரல்களால் மட்டும் எழுதிக்கொண்டிருந்தான். எழுத்து சிறிதாயிருந்தது, பிழையில்லாதிருந்தது. ஒரு வரியை முடித்ததும் மறுபடியும் இடக்கையால் வலக்கையைத் தூக்கி அடுத்த வரியின் தொடக்கத்தில் வைத்தான். "எத்தனை வரி எழுதுவாய்?" என்று கேட்டோம். "முந்தநாள் ஒன்பது, சேர். நேற்று எட்டு. இண்டைக்கு இன்னும் முடியேல்லை" என்றான்.

எவரும் எடுக்காத கணக்கை அவனே எடுத்துக்கொண்டிருந்தான். அக்கணக்கை அவன் தனியே எடுக்க விட்டிருத்தல் எமக்கும் இழுக்கு. இவ்வுலகத்தின் ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் இழுக்கு. வெட்டிய பெயர்களை மீண்டும் எழுதுங்கள்! கால்களோடு கணக்கை மூடாதீர்கள்!